கல்லுக்கு அடியில் பனி

பனியாற்றின் மேலேயே நின்றுகொண்டு, "பனியாறு எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்களை ஒவ்வொரு பருவத்திலும் சந்திக்கிறேன். பெரும்பாலும் சதோபந்த் ஏரிக்குப் போகும் யாத்ரீகர்கள். பத்ரிநாத்திலிருந்து மாணா, லட்சுமிவனம், சக்ரதீர்த்தம் என்று நடந்து களைத்து வந்திருப்பார்கள். பனியாறு என்றால் வெள்ளைவெளேரென்று பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்று நினைத்து வந்தவர்கள். எதிரே கிடப்பதோ மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிறக் கற்காடு. வேலை நின்றுபோன கல்குவாரி போல. "நீங்கள் நிற்பதே அதன் மேல்தான்" என்பேன். நம்பாமல் பார்ப்பார்கள். பக்கத்துச் சரிவில் நாலைந்து கற்களைப் புரட்டி, அடியிலிருக்கும் ஈர மணலைக் கையால் வழித்துவிட்டால், கறுத்த கண்ணாடி போலப் பனிக்கட்டி தெரியும். குனிந்து ஒரு விரலால் தொடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கால் எடுத்து வைக்கும் விதமே மாறிவிடும்.

அந்தக் கல்லுக்கு அடியில் பனி எவ்வளவு வேகமாக உருகுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. கார்வால் மக்கள் பனியாற்றை 'பமக்' என்பார்கள். நான் அதிகம் பழகிய பமக் சதோபந்த். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பாவின் காலடியில் பிறந்து, சுமார் 13 கிலோமீட்டர் இறங்கி வருகிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பகீரத் கரக் என்ற இன்னொரு பனியாறு. இரண்டும் முடிகிற இடத்தில் அலக்நந்தா தொடங்குகிறது. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும், ஸ்ரீநகர் கார்வாலில் உள்ள ஹேமவதி நந்தன் பகுகுணா கார்வால் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து இந்த சதோபந்த்தில் மூங்கில் கழிகளை நட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதியிருக்கிறார்கள். கடற்கரை ஊரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தக் கற்காட்டின் மேல் இருந்த அக்கறை, நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

மேலே கல் கிடந்தால் பனி கூடுதலாக உருகுமா, குறைவாக உருகுமா? இரண்டுமே நடக்கும். எது நடக்கும் என்பதைக் கல்லின் கனம் முடிவு செய்கிறது.

புதிதாக விழுந்த வெண்பனி, தன் மேல் படும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பழைய, அழுக்கேறிய பனிக்கட்டி அதில் பாதியைக்கூடத் திருப்பாது. கருங்கல் தூள் அதைவிடக் குறைவு. ஆகவே பனியின் மேல் ஒரு விரற்கடைக்கும் குறைவாகத் தூளும் சிறுகல்லும் படிந்தால், அது வெயிலை வாங்கி உடனுக்குடன் கீழே கொடுத்துவிடும்; வெறும் பனியைவிட வேகமாக உருகும். ஆனால் அதே கல் அடுக்கடுக்காகச் சேர்ந்தால், மேலே வாங்கிய வெப்பம் அடிவரை போய்ச் சேர நெடுநேரம் ஆகும். போகிற வழியிலேயே பெரும்பகுதி மறுபடி காற்றுக்குப் போய்விடும். சிறுவயதில் எங்கள் தெருவுக்கு வரும் ஐஸ் வண்டியில் பாளத்தை மரத்தூளில் புதைத்து, மேலே சாக்கு போட்டு மூடியிருப்பார்கள். அந்த மரத்தூளின் வேலையைத்தான் இங்கே கல் செய்கிறது.

இதை முறையாக அளந்து காட்டியவர் குன்னர் ஓஸ்த்ரெம். ஸ்வீடனின் வடக்கே கெப்னெகைசே மலைப்பகுதியில் இஸ்ஃபால்ஸ் பனியாற்றின் மேல், வெவ்வேறு கனத்தில் மண்ணையும் கல்லையும் பரப்பி, ஒவ்வொன்றின் அடியிலும் எவ்வளவு உருகுகிறது என்று பார்த்து, 1959-ல் கட்டுரையாக வெளியிட்டார். கனத்தைக் கிடையாகவும் உருகலைச் செங்குத்தாகவும் வைத்து அவர் வரைந்த கோடு முதலில் சட்டென்று ஏறும். மிக மெல்லிய கனத்திலேயே உச்சம் தொடும். பிறகு இறங்கி, சில சென்டிமீட்டர் கனத்தில் வெறும் பனியின் அளவுக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் தாழ்ந்துகொண்டே போகும். உலகத்தின் பல மலைகளில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டார்கள். எண்கள் இடத்துக்கு இடம் மாறின. கோட்டின் வடிவம் மாறவில்லை.

சதோபந்த்தின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலே ஏறிப் போகும்போது இந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் தரையிலேயே பார்க்கலாம். கல் அருகிப்போன மேல்பகுதியில், பனியின் மேல் ஆங்காங்கே கறுந்தூள் சேர்ந்த இடங்களில் விரல் நுழையும் அளவுக்குக் குழிகள் இருக்கும். தூள் வெயிலை வாங்கித் தனக்குக் கீழேயுள்ள பனியை உருக்கி, தானே அதற்குள் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி ஒரு பெரிய தட்டைப் பாறை, பனித்தூண் ஒன்றின் மேல் மேசை போல உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் பனி உருகித் தாழ்ந்துவிட, பாறையின் நிழலில் இருந்தது மட்டும் தூணாக நின்றுவிட்டது. தெற்குப் பக்கம் வெயில் அதிகம் படுவதால் தூண் அந்தப் பக்கம் கரைந்து, மேசை தெற்கே சாய்ந்து, ஒருநாள் வழுக்கி விழும். பிறகு விழுந்த இடத்தில் புதிய தூணைத் தொடங்கும். தூள் பனியைக் கரைக்கிறது, பாறை பனியைக் காக்கிறது. புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் பாடம் எதுவும் எடுப்பதில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வைப்பேன்.

கீழே வர வர வேலை மாறுகிறது. அங்கே பனியைப் பார்க்க வேண்டுமானால் குழி தோண்ட வேண்டும்.

குழி தோண்டுவது எளிய வேலை போலத் தோன்றும். நாலாயிரம் மீட்டருக்கு மேல், மூச்சு வாங்க வாங்க, கடப்பாரையால் ஒரு கல்லை நெம்பினால் மேலிருந்து இரண்டு கல் உருண்டு வரும். முதலில் இருப்பது பெருங்கற்கள், இடையிடையே காற்று. அதற்குக் கீழே சரளை. அதற்கும் கீழே குறுமணல். கடைசியாக, பனியை ஒட்டிக்கொண்டு, களிமண் போலக் குழகுழவென்று ஈர வண்டல். மழைநீரும் உருகுநீரும் நுண்மண்ணை ஆண்டுக்கணக்கில் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் உண்டான அடுக்கு இது. நான்கையும் தார்ப்பாயில் நான்கு குவியலாக வைப்போம். கனத்தை அளந்து, நீராவித் துளைக்கருவியால் பனியில் ஆழமாகத் துளையிட்டு, மூங்கில் கழிகளைக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டி உள்ளே இறக்குவோம். மூங்கில் இலேசானது, முதுகில் சுமக்கலாம். இரும்பைப் போல வெப்பத்தைக் கீழே கடத்தித் தன்னைச் சுற்றி உருக்காது. பிறகு வண்டலை முதலில், மணலை அடுத்து, சரளையை அதன் மேல், பெருங்கல்லைக் கடைசியில் என்று இருந்தபடியே திருப்பிப் போட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து, கழி எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறது என்று பார்த்தால், கற்போர்வையோடு சேர்ந்து பனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுக்கு மாறினால் அளவும் மாறும். ஈர வண்டல் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். காற்று நிறைந்த பெருங்கல் அடுக்கு கடத்தாது. அவசரத்தில் எல்லாவற்றையும் கலந்து கொட்டி மூடிவிட்டால், நான் அளப்பது நான் உண்டாக்கிய போர்வையைத்தான், பனியாற்றினுடையதை அல்ல. தொடக்க காலத்தில் ஒரு முறை மழை வரும் பயத்தில் அப்படி மூடிவிட்டு வந்தேன். அந்தப் பருவம் முழுவதும் அந்தக் கழியின் எண் மற்றவற்றோடு ஒட்டவே இல்லை. காரணம் எனக்குத் தெரிந்திருந்ததால் அந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்கினேன். ஒரு பருவத்து உழைப்பு வீணானது.

அரை மீட்டர் கல்லுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை வெவ்வேறு ஆழத்தில் வெப்பமானிகளைப் புதைத்துப் பார்க்கலாம். பகலில் மேற்கல் கை வைக்க முடியாமல் சுடும். இரவில் உறைநிலைக்குப் போகும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சாண் ஆழம் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே தணிந்துவிடும். அரை மீட்டரில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சுவதும் மதிய வெயில் கழிந்து அரைநாள் தாமதமாக, விடியற்காலையில்தான் வந்து சேரும். அடியில் இருக்கும் பனிக்கு இரவு பகல் கிடையாது. பருவத்தின் சராசரி வெப்பம் மட்டும் சீராக அதன் மேல் இறங்கிக்கொண்டிருக்கும்.

அப்படி இறங்கும் வெப்பம் எவ்வளவு பனியை உருக்கும்? பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை நீராக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே அளவு தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கலாம். பனி அவ்வளவு எளிதில் கரைவதில்லை. கல்லின் மேற்பரப்பு வெப்பத்தின் நாள் சராசரி 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் கல்லுக்கு அடியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் பனி போகும். 50 சென்டிமீட்டருக்கு அடியில் அரை சென்டிமீட்டரை விடக் கொஞ்சம் அதிகம். 90 சென்டிமீட்டருக்கு அடியில் 3 மில்லிமீட்டர்தான். கனம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, உருகல் அத்தனை மடங்கு குறைகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தும் நான் பெரிய தவறு ஒன்று செய்தேன். தோண்டிய குழிகளின் கனத்தையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிக்கு உருகலைக் கணக்கிட்டேன். வந்த எண், நட்ட கழிகள் காட்டியதில் பாதிகூட இல்லை. கழிகளைச் சந்தேகித்தேன், துளையைச் சந்தேகித்தேன், வெப்பமானிகளைக் கழற்றிப் பார்த்தேன். குற்றம் சராசரியில் இருந்தது. ஒரு குழியில் 10 சென்டிமீட்டர், பக்கத்துக் குழியில் 90 சென்டிமீட்டர் என்றால் சராசரி 50. அந்த ஐம்பதுக்குக் கணக்கிட்டால் நாளுக்கு அரை சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் முதல் குழியில் 3 சென்டிமீட்டரும், இரண்டாவதில் 3 மில்லிமீட்டரும் உண்மையில் உருகுகின்றன. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல். ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். போர்வை மெலிந்த சில இடங்கள்தான் பெரும்பகுதி நீரைத் தருகின்றன. அவற்றைச் சராசரிக்குள் கரைத்துவிட்டால் பனியாறு தரும் நீரே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு என் வேலை முறை மாறியது. ஒரே இடத்தில் ஆழமாக ஆராய்வதைவிடப் பல இடங்களில் தோண்டத் தொடங்கினேன். தோண்ட வசதியான இடத்தில் கழி நடும் பழக்கத்தை விட்டேன். வசதியான இடம் என்றால் கல் மெலிந்த இடம் என்று பொருள். அங்கே மட்டும் நட்டால் உருகல் கூடுதலாகத் தெரியும். ஒரு மீட்டருக்கு மேல் கனமான இடத்தில் குழியின் சுவர் சரிந்து மூடிக்கொள்ளும். அங்கே பக்கத்துப் பனிச்சுவரின் விளிம்புக்குப் போய், வெட்டுமுகத்தில் தெரியும் கற்போர்வையை அளக்கக் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பனிச்சுவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கற்காட்டின் நடுவில் திடீரென்று போர்வை கிழிந்து, ஓராள் உயரம் முதல் பனைமர உயரம் வரை வெறும் பனி செங்குத்தாக நிற்கும். மேலிருந்து சேறும் நீரும் வழிந்து அதன் முகம் கறுத்திருக்கும். எதிரேயுள்ள சூடான கற்களும் தங்கள் வெப்பத்தை அதன் மேல் வீசும். சுற்றியுள்ள கல் மூடிய பனியைவிடப் பல மடங்கு வேகமாக அது கரைகிறது. இவற்றில் நெடுநாள் தாக்குப்பிடிப்பவை வடக்கு நோக்கி நிற்பவை. தெற்கு நோக்கியவற்றின் மேல்முகத்தில் வெயில் நேராக அடித்துச் சரிவைத் தணித்துவிடும். சரிவு தணிந்ததும் கல் வந்து தங்கி மூடிக்கொள்ளும். சுவரின் அடியில் பெரும்பாலும் ஒரு குட்டை இருக்கும். குட்டை நீர் வெயிலில் வெப்பம் வாங்கிச் சுவரின் காலை அரிக்கும். ஒருநாள் உள்ளே வழி கிடைத்ததும் மொத்தமாக வடிந்து, அந்த வெப்பத்தைப் பனியாற்றின் வயிற்றுக்குள் கொண்டுபோகும். பரப்பில் இவை மிகச் சிறியவை. உருகலில் இவற்றின் பங்கு பரப்பைப் போலச் சிறியதல்ல.

இத்தனையும் சேர்ந்துதான் பனியாற்றின் உடம்பைத் தீர்மானிக்கின்றன. கல் இல்லாத பனியாற்றில் கீழே வர வர வெப்பம் கூடும், உருகலும் கூடும். நுனியில்தான் இழப்பு அதிகம். ஆகவே சூடு கூடினால் நுனி பின்வாங்கும். கல் மூடிய பனியாற்றில் இது தலைகீழ். பக்கத்து மலைச்சரிவுகளிலிருந்து பனிச்சரிவோடு சேர்ந்து விழும் பாறையெல்லாம் உள்ளே புதைந்து, பனியோடு இறங்கி, மேற்பனி கரையக் கரைய வெளியே வந்து கீழ்ப்பகுதியில் குவிகிறது. நுனியில் போர்வை மிகக் கனம். அங்கே உருகல் மிகக் குறைவு. கல் மெலிந்த நடுப்பகுதிதான் அதிகம் கரைகிறது. ஆண்டுகள் போகப் போக நடு தாழ்கிறது, சரிவு தட்டையாகிறது, பனியின் நகர்வு தளர்கிறது, குட்டைகள் பெருகுகின்றன. நுனி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதனால்தான் நுனியை மட்டும் பார்த்து எழுதப்படும் செய்திகள் எனக்கு வேதனை தருகின்றன. ஒரு பனியாறு இத்தனை ஆண்டுகளாகப் பின்வாங்கவில்லை, ஆகவே நலமாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். 2011-ல் இமயமலைப் பனியாறுகளைச் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்த ஒரு குழு, கல் நிறைய மூடிய, தட்டையான நுனியுள்ள பனியாறுகள் பல நிலையாக நிற்பதைக் கண்டது. அடுத்த ஆண்டே, 2003 முதல் 2008 வரை லேசர் செயற்கைக்கோள் எடுத்த உயர அளவுகளை வைத்து இன்னொரு குழு ஆராய்ந்தபோது, கல் மூடிய பகுதிகளும் வெறும் பனிப் பகுதிகளைப் போலவே தாழ்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. நின்ற இடத்தில் நின்றபடியே அவை மெலிகின்றன. காக்க வேண்டிய கல் இருந்தும் ஏன் இப்படி என்பதற்குப் பனிச்சுவர்களும் குட்டைகளும் ஒரு பதில். மேலிருந்து இறங்கி வரும் பனி குறைந்துபோனது இன்னொரு பதில். வரவு குறைந்த இடத்தில் செலவு கொஞ்சமாக இருந்தாலும் கையிருப்பு கரையத்தானே செய்யும்.

கல் இருந்தால் நுனி எப்போதும் நிற்கும் என்று இதைப் புரிந்துகொள்ளவும் கூடாது. கங்கோத்ரி பனியாற்றின் கீழ்ப்பகுதியும் கல் மூடியதுதான். ஆனால் அது முடியும் கோமுக்கில், பாகீரதி வெளியே வரும் குகையைச் சுற்றி, பனி வெறுஞ்சுவராக நிற்கிறது. நீர் அடியை அரிக்க, மேலே பாளம் பாளமாக உடைந்து விழுகிறது. 1935-ல் ஜே.பி. ஆடன் அளந்து வரைந்த இடத்திலிருந்து அது வெகுவாகப் பின்னால் போய்விட்டது. சதோபந்த்தும் கங்கோத்ரியும் ஒரே கார்வாலில், ஒரே மழைக்கும் வெயிலுக்கும் கீழே இருக்கின்றன. ஆனாலும் ஒன்றுக்குச் சொல்வதை மற்றதற்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

உலகிலுள்ள மலைப்பனியாறுகளின் பரப்பில் ஏறக்குறைய 7 சதவீதம்தான் கல் மூடியது. சிறிய பங்கு போலத் தோன்றும். ஆனால் அந்தக் கல், மலையுச்சியில் இல்லை. உருகல் நடக்கிற கீழ்நாக்குகளின் மேல் கிடக்கிறது. இமயத்தில் பல பள்ளத்தாக்குகளின் ஆற்றுநீரில் ஒரு பங்கை அந்த நாக்குகள் தருகின்றன.

என்னோடு சுமை தூக்கி வரும் மாணா கிராமத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் எனக்கு முன்பே அறிந்திருந்தார். குளிர்காலத்தில் கீழே இறங்கிப் போய், கோடையில் ஊர் திரும்பும் மக்கள் அவர்கள். ஒரு நாள் பக்கவாட்டு மேட்டின் உச்சியில் சுமையை இறக்கி வைத்துவிட்டு, கீழே கிடந்த பனியாற்றைப் பார்த்தபடி சொன்னார்: "பேட்டா, என் சின்ன வயதில் ஆடுகள் இந்த மேட்டிலிருந்து பமக்கில் தாமாகவே இறங்கிவிடும். இப்போது நாம் கையை ஊன்றி அல்லவா இறங்குகிறோம்." நாங்கள் நின்ற மேடு, பனியாறு தன் முழு உடம்போடு இருந்தபோது ஓரத்தில் குவித்து வைத்தது. மேட்டின் உயரம் அப்படியே இருந்தது. பனிதான் கீழே போயிருந்தது. நுனி எத்தனை மீட்டர் நகர்ந்தது என்று அவர் ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் கேட்பது ஒன்றுதான்: "இந்த வருஷம் எவ்வளவு இறங்கியிருக்கிறது?"

போன அக்டோபரில் கடைசிக் குழியை மூடும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. புதிதாக வந்த மாணவி ஒருத்தி, குளிரில் விறைத்த கைகளோடு, "வேகமாகத் தள்ளி மூடிவிடலாமா, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டாள். நான் என்னுடைய அந்த வீணான பருவத்தை அவளிடம் சொன்னேன். பெரியவர் எதுவும் பேசாமல் மண்டியிட்டு, வண்டலை இரண்டு கைகளாலும் அள்ளிப் பனியின் மேல் பூசத் தொடங்கினார். அவளும் குனிந்தாள். வண்டல், மணல், சரளை, பெருங்கல். கடைசிக் கல்லை வைத்ததும் கழியின் வெளியே தெரியும் நீளத்தை அளந்து சொன்னாள். நான் நோட்டில் எழுதினேன். கல்லுக்கு அடியில் எங்கோ நீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.